இருவர் பெயரில் ஒரு கணக்கு

ஜூன் 3, திங்கள்

மழை ஒரு வாரமாக விடவில்லை. இன்று மட்டும் அட்டைக்கடியோடு பதினேழு பேர் மருந்தகத்துக்கு வந்தார்கள். இருமல் மருந்து இன்னும் மூன்று நாளைக்கு வரும். வியாழனுக்குள் லோடு வராவிட்டால் வால்பாறை பஜாரில் கடன் சொல்லி வாங்க வேண்டியதுதான்.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் வாரம் மூன்று நாள் மருந்து கொடுக்க ஆள் வேண்டுமாம். பஸ் கிடையாது. தேயிலைக்கு நடுவே ஆறு கிலோமீட்டர். போன மாதம் அங்கே பட்டப்பகலில் சிறுத்தை ஒரு கன்றுக்குட்டியை இழுத்துப் போனது. சொந்த வண்டி உள்ளவருக்குத்தான் வேலை, பெட்ரோல் காசு எஸ்டேட் தரும் என்றார். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

லைசென்ஸ் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் தென்காசியில் கற்றுக்கொண்டு எடுத்தது. அப்புறம் ஓட்ட வாய்ப்பு அமையவில்லை. இங்கே வரும்போது கையில் எடுத்து வந்த நாலைந்து சாமான்களில் செக் புக், ஏடிஎம் கார்டோடு அதுவும் ஒன்று. ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

பஜாரில் இன்னாசி அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வெள்ளை ஆல்டோ விலைக்கு நிற்கிறது. பத்து வருஷத்து வண்டி. பணம் ஊர் பேங்கில் கிடக்கிறது. அங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வாங்கிய பதினோரு வருஷச் சம்பளத்தில் மிஞ்சியது. இங்கே வந்து பதினான்கு மாதம், அதைத் தொட்டதில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பவுனம்மா அக்கா, ஆஸ்பத்திரி ஆயா, கேட்டாள்: வீட்டுக்காரர் சவுதியிலிருந்து அனுப்ப மாட்டாரா என்று. அவருக்கு அங்கே கஷ்டம் என்று சொன்னேன். சவுதி என்று முதல் நாள் வாயில் வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

ஜூன் 5, புதன்

பஜார் ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுத்தேன்.

நம்பர் மறந்திருக்கும் என்று நினைத்தேன். விரலுக்கு மறக்கவில்லை. இருப்பைப் பார்த்தபோது முதலில் நம்ப முடியவில்லை. விட்டு வந்த அன்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் இருக்கிறது, வட்டியோடு. கணக்கில் அவர் பெயரும் உண்டு. ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சில விஷயங்களில் அவர் நல்லவர்தான் என்று எப்போதும் சொல்லியிருக்கிறேன்.

கணக்கில் கொடுத்திருப்பது என் பழைய போன் நம்பர். அந்த சிம்மைத் தென்காசி ஸ்டேஷனிலேயே போட்டுவிட்டேன். அதனால் எனக்கு மெசேஜ் எதுவும் வராது. யாருக்கும் வராது.

ஜூன் 6, வியாழன்

லோடு வந்துவிட்டது. பதினோரு மணிக்கு மருந்தகப் போன் அடித்தது. "மருந்தகம்" என்றேன். யாரும் பேசவில்லை. மழையில் லைன் கெட்டிருக்கும்.

ஜூன் 8, சனி

இன்று ஓட்டினேன்.

இன்னாசி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த மனிதர். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே இரண்டு தடவை வண்டி அணைந்துபோனது. மூன்றாவது தடவை கிளம்பியது. தேயிலைத் தொழிற்சாலை வரை போய்த் திரும்பினோம். பனி இறங்கி எதிரே பத்தடிதான் தெரிந்தது. விளக்கைப் போட்டேன். கிளட்சை மெதுவாக விடச் சொன்னதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்து எஞ்சினை அணைத்தேன். இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒர்க்‌ஷாப் பெயருக்கு இருபதாயிரத்துக்குச் செக் கொடுத்தேன், முன்பணமாக. ஒர்க்‌ஷாப் கணக்கும் எங்கள் பேங்கின் வால்பாறைக் கிளையில்தானாம். மீதியை மாதக் கடைசிக்குள் தர வேண்டும். செக்கில் என் கையெழுத்து எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. இரண்டாவது தாளில் போட்டது பரவாயில்லை.

சைடு கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது. மாற்ற வேண்டாம் என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

மறுபடி அந்தப் போன். "மருந்தகம், சொல்லுங்க" என்றேன். பேசவில்லை, வைக்கவும் இல்லை. பின்னால் யாரோ ஏலம் கூறுவதுபோல ஒரு சத்தம். ஒரே குரல், ஒரே ராகத்தில், ஏறி ஏறி. மழை தகரத்தில் விழுந்தால் சில சமயம் அப்படித்தான் கேட்கும். நானே வைத்துவிட்டேன்.

குளிருக்கு இடது மணிக்கட்டு வலிக்கிறது. பழைய முறிவு. படியில் விழுந்தது.

ஜூன் 12, புதன்

ஏடிஎம்மில் இன்னொரு பத்தாயிரம்.

ஜூன் 14, வெள்ளி

பக்கத்து எஸ்டேட் கம்பவுண்டர் குளுக்கோஸ் பாட்டில் கடன் வாங்க வந்தார். பேச்சுவாக்கில், அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் இப்படி ஒரு ஊமைப் போன் வருகிறது என்றார். இவர் ஹலோ சொன்னதும் பட்டென்று வைத்துவிடுகிறார்களாம். அடுத்த எஸ்டேட்டிலும் அப்படித்தானாம், அங்கேயும் ஆண்தான் போன் எடுப்பது. "உங்களுக்கும் உடனே வெச்சுர்றாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அவர் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாத்திரைப் பட்டைகளை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் வேறு வேறு எண் வந்தது.

ஜூன் 16, ஞாயிறு

துணி காயவில்லை. அடுப்பு மேல் கயிறு கட்டிப் போட்டேன். பவுனம்மா அக்கா மீன் கொடுத்தாள். மருந்தகப் போனை இனி நீ எடு அக்கா என்றேன், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி. அவள் என் தொண்டையைப் பார்த்தாள்.

ஜூன் 19, புதன்

பதிவுத் தபால் ஒன்று வந்தது. என் பெயர், மருந்தகம், எஸ்டேட் பெயர், வால்பாறை. எல்லாம் சரியாக இருந்தது. இந்த முகவரியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அனுப்பியவர் பெயர் இல்லை.

உள்ளே என் பேங்க் பாஸ்புக்.

விட்டு வரும்போது அது பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. பிளாஸ்டிக் உறை அதேதான், ஓரம் கிழிந்தது. பிரித்தபோது எலுமிச்சை வாசம் வந்தது. மண்டியில் எலுமிச்சை ஏலம் எடுக்கிறவர் கை பட்ட எதிலும் அந்த வாசம் இருக்கும். எங்கள் வீட்டுத் தலையணையிலும் இருக்கும்.

கடைசிப் பக்கம் புதிதாக அச்சடிக்கப்பட்டிருந்தது. பதினான்கு மாதத்துக்கு வட்டி வரிகள் மட்டும். அதன் கீழே ஜூன் ஐந்து, ஏடிஎம், வால்பாறை. அப்புறம் ஒர்க்‌ஷாப் பெயரில் செக். அப்புறம் ஜூன் பன்னிரண்டு, ஏடிஎம், வால்பாறை. மூன்று வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்ன டிக். பள்ளிக்கூட வாத்தியார் போடுவதுபோல.

கடிதம் எதுவும் இல்லை. உறையைக் கிழித்துத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

பவுனம்மா அக்கா என்ன தபால் என்றாள். ஊரிலிருந்து பாஸ்புக்கை அனுப்பச் சொல்லியிருந்தேன் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

இன்னாசி அண்ணன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வண்டி விஷயம் என்றுதான் போனேன். டீ வரவழைத்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேசினாருங்க" என்றார். "சவுதில இருந்தா பேசறீங்கன்னு கேட்டேன், வந்துட்டேன்னாரு. சொல்லவேயில்லை."

எப்படி நம்பர் கிடைத்தது என்று கேட்டேன். செக்கில் ஒர்க்‌ஷாப் பெயர் இருந்ததாம், பெயரைப் போட்டுப் போனில் தேடி எடுத்தாராம். நல்ல தன்மையான மனுஷன் என்றார். வண்டி என்ன கலர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, நான் எந்த வீட்டில் குடியிருக்கிறேன், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எல்லாம் விசாரித்தாராம்.

"புதன்கிழமை அவரே வர்றாராம். பாக்கியைக் குடுத்து வண்டியை எடுத்துக்கறேன்னாரு. அதுவரைக்கும் சாவியை யார்கிட்டயும் குடுக்க வேண்டாம்னாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு, நேர்ல வந்து ஆச்சரியப்படுத்தணுமாம். எனக்குத்தான் மனசு கேக்கல."

டீயைக் குடித்து முடித்தேன். சரி அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குவார்ட்டர்ஸ் வரை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. கதவைத் திறக்காமல் பவுனம்மா அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அக்கா, அவர் சவுதியில இல்ல" என்றேன். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும். உள்ள வா" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சவுதியில் இருப்பவனுக்கு யாரும் கதவுக்கு உள்ளே மூன்று தாழ்ப்பாள் போட மாட்டார்கள் என்றாள்.

அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. மணிக்கட்டு எப்படி முறிந்தது என்று சொன்னேன். அடிக்கும்போது சத்தம் போட மாட்டார், குரலை உயர்த்தவே மாட்டார் என்று சொன்னேன். அதுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது. அவள் பார்த்தவர்கள் எல்லாம் குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள். இவர் குடிக்க மாட்டார். அடித்த பிறகு சோறு போட்டுக் கொடுப்பார், பிசைந்து. போலீசுக்குப் போனாயா என்றாள். ஒரு தடவை போனேன். அவர் வந்து எல்லோரிடமும் மரியாதையாகப் பேசி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவளும் நானும் இன்னாசி அண்ணனிடம் போனோம். அவளே பேசினாள். அவர் ரொம்ப நேரம் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "முன்பணம் குடுத்தது நீங்க. வண்டி உங்களுது. பாக்கியை எப்பவோ குடுங்க, இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வண்டி மட்டும் போதாது. போகிற இடத்தில் வாழப் பணம் வேண்டும். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று இருக்கிறது. வால்பாறைக் கிளையில் அவ்வளவு ரொக்கம் இருக்காது, நாளை பொள்ளாச்சிக் கிளைக்குப் போய் மொத்தமாக எடுப்பது என்று முடிவு செய்தோம். சனி, ஞாயிறு பேங்க் லீவு.

ஜூன் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலை முதல் பஸ். பவுனம்மா அக்கா கூட வந்தாள். பொள்ளாச்சிக் கிளையில் கூட்டம் அதிகம். செக்கைப் பார்த்த பையன் தொகை பெரியது, மேடத்திடம் போங்கள் என்றான். மேடம் பெயர் ஷகிலா பானு, மேசையில் போட்டிருந்தது. ஐம்பது வயது இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, வேறு ஊர்க் கணக்கு, இவ்வளவு தொகைக்கு உங்கள் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அதுதான் நடைமுறை என்றார். கேட்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் ஆதாரில் இருந்த படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போன் நம்பர் கடைசி நாலு எண் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இல்லையே என்றார். மேடம் படித்த நான்கு எண்கள் வீட்டுக்காரர் போனுடையவை. எப்போது மாற்றினார் என்று எனக்குத் தெரியாது.

"ஒவ்வொரு தடவை நீங்க பணம் எடுத்தப்பவும் மெசேஜ் இந்த நம்பருக்குத்தான் போயிருக்கும்" என்றார்.

அதற்குள் ஊர்க் கிளைக்கு லைன் கிடைத்துவிட்டது. எங்கள் ஊர்க் கிளர்க்கின் குரல் எனக்கே கேட்டது, ரிசீவரைத் தாண்டி, உற்சாகமாக. அட, அந்தக் கணக்கா, அவரே இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் மேடம், தினமும் வந்து கணக்கில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார், இதோ கொடுக்கிறேன், அவரிடமே பேசுங்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்: "இவரு இப்ப எந்திரிச்சு அங்க ஒரு சிலிப் எழுதிக் குடுத்தா பணம் அவருக்குப் போயிரும். யார் கையெழுத்து முதல்ல வருதோ அவங்களுக்குத்தான். எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும். நீங்க பேசுவீங்களா?"

பவுனம்மா அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள். நான் ரிசீவரை வாங்கினேன்.

"உலகு" என்றார். உலகம்மாள் என்ற பெயரை அவர் மட்டும்தான் அப்படிச் சுருக்குவார்.

"ம்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

"அங்க விடாம மழையாமே. உனக்குச் சளி பிடிக்குமே. வீட்டுல எல்லாம் நீ வச்சது வச்ச மாதியே இருக்கு. உன் செருப்பக்கூட நான் நகட்டல."

மேடம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஏதாவது பேச வேண்டும். பின்வாசலில் நான் வைத்த கறிவேப்பிலை மரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அத வெட்டிட்டேன்" என்றார். "நீ இல்லாம அது என்னத்துக்கு."

எலுமிச்சை என்ன விலை போகிறது என்று கேட்டேன். சொன்னார். விரிவாகவே சொன்னார், கேரளா லாரி வராதது, போன வாரம் சரிந்தது. மண்டியிலிருந்து வந்ததும் சாப்பிட்டுக்கொண்டே சொல்வாரே, அதே குரல். ஒரு நிமிஷம், நான் அங்கே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. இந்தப் பதினான்கு மாதம் நடக்கவே இல்லை என்பதுபோல. அதுதான் பயமாக இருந்தது.

"வண்டி வெள்ளக் கலராமே. அழுக்குத் தெரியும்."

"ம்."

"கையி இப்ப எப்படி இருக்கு?"

மேடம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'முடிஞ்சது' என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார்.

"கூடிட்டு" என்றேன்.

"புதன்கிழமை வாரேன். நீ எங்கயும் போவாண்டாம்."

அப்போது அந்தப் பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தம். அவர் சட்டைப்பையில் போன். மெசேஜ் வந்துவிட்டது. பேச்சு நின்றது. அவர் படிப்பது எனக்குக் கேட்டது. மூச்சு கேட்டது என்று சொல்ல வேண்டும். நான் ரிசீவரை வைத்தேன்.

மேடம் பணத்தை அங்கேயே தன் மேசையில் வைத்து எண்ணச் சொன்னார். பவுனம்மா அக்காதான் எண்ணினாள். எங்கே போனாலும் தனியாக ஒரு கணக்கு ஆரம்பியுங்கள், இதை இனித் தொடாதீர்கள் என்றார் மேடம். அந்த ஊர்க் கிளர்க் பற்றி மேலே எழுதுவதாகவும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்று புரிந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் அந்தப் பணத்தை எனக்காக விட்டுவைக்கவில்லை. என்றாவது ஒரு நாள் எங்கிருந்தாவது நான் அதைத் தொடுவேன் என்று தெரியும் அவருக்கு. பதினான்கு மாதம் தினமும் காலையில் போய் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்.

ஜூன் 22, சனி

இன்னாசி அண்ணனுக்குப் பாக்கியைக் கொடுத்தேன். பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டோம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகக் கூடாது, இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக் சூடானால் பிடிக்காது என்று மூன்று தடவை சொன்னார்.

டாக்டர் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கடிதம் தருகிறேன் என்றார். திங்கள் காலை எஸ்டேட் ஆபீஸ் திறந்ததும் கணக்கு முடித்துக் கையெழுத்தாகிவிடும். செவ்வாய் போனால் போதாதா, புதன்தானே அவன் வருகிறான் என்றாள் பவுனம்மா அக்கா. அவர் சொன்ன நாளுக்கு வந்ததே இல்லை என்றேன். முன்னாலேயே வருவார்.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டு பைகள். ஒரு பக்கெட். மழைக்கு நடுவே எஸ்டேட் கேட்டுக்கும் பஜாருக்கும் ஒன்பது தடவை ஓட்டிப் பழகினேன்.

ஜூன் 24, திங்கள்

ஆழியாறில், அணைக்கட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி எழுதுகிறேன். நோட்டை ஸ்டியரிங் மேல் வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

எட்டேகாலுக்குக் கிளம்பினேன். பவுனம்மா அக்கா கேட் வரை வந்தாள். கண்ணாடி வழியாக ஒரு பொட்டலம் தந்தாள், எலுமிச்சைச் சாதம். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றாள், அவளுக்கும் பிறகுதான் உறைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பஜார் தாண்டியதும் பனி. முகப்பு விளக்கும் வைப்பரும் போட்டு, இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவாக. வளைவுக்கு வளைவு நம்பர் பலகை. நாற்பதிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. முப்பதுக்கு மேல் பயமாக இருந்தது. இருபத்தெட்டு வந்ததும் பயத்தை மறந்து எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

இருபத்து மூன்றில் ஹாரன் கேட்டது. கீழிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்று இன்னாசி அண்ணன் சொல்லியிருந்தார். பாறையை ஒட்டி ஒதுக்கி நிறுத்தினேன். பஸ் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் நின்று, பின்னால் வந்து, மறுபடி முன்னேறியது. கண்டக்டர் இறங்கி நின்று விசில் ஊதினார். பஸ்ஸின் வலது பக்கம் என் ஜன்னலை உரசுவதுபோல வந்து நின்றது. நான் கையை நீட்டினால் தொடலாம்.

மூன்றாவது ஜன்னலில் அவர் உட்கார்ந்திருந்தார்.

நீலக் கோடு போட்ட சட்டை. மடியில் ரெக்சின் பை. தலையை நன்றாக வாரியிருந்தார். மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, அதற்குக் கீழே குனிந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

வேறு மாதிரி சொல்ல முடியாது. என் முகத்தை நேராகப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்த கண். என்னால் குனிய முடியவில்லை, ஸ்டியரிங்கை விடவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்டக்டர் விசில் மூன்று தடவை கேட்டது.

அவர் கண் என் முகத்திலிருந்து நகர்ந்து, காரின் மறுபக்கம் போனது. பக்கத்து இருக்கையில் பக்கெட் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு பின் இருக்கையைப் பார்த்தார். பிறகு பாறையைப் பார்த்தார்.

பஸ் கிளம்பிப் போய்விட்டது. புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு ஜீப்காரர் ஹாரன் அடித்தார். அப்போதுதான் வண்டி அணைந்து நிற்பதைப் பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

ஜூலை 11, வியாழன்

ஊர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறது. மருந்து ஸ்டாக் ஒழுங்காக இல்லை, ஒரு வாரமாக அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன். என் பெயரில் மட்டும் ஒரு கணக்கு ஆரம்பித்தாயிற்று. வாடகை வீட்டுக்கு முன்னால் வண்டி நிற்க இடம் இருக்கிறது.

இன்று எஸ்டேட் டாக்டரின் போனிலிருந்து பவுனம்மா அக்கா பேசினாள்.

நான் கிளம்பிய அன்று பதினோரு மணிக்கே அவர் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாராம். பூட்டைத் தொட்டுப் பார்த்தாராம். என்னைப் பற்றிக் கேட்டாராம். போய்விட்டாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள், காரில். யார் கூட்டிப் போனது என்று கேட்டாராம். யாரும் இல்லை, அவளேதான் ஓட்டிக்கொண்டு போனாள் என்றிருக்கிறாள். அவர் சிரித்தாராம். கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளை பொய் சொன்னால் சிரிப்போமே, அப்படி. டாக்டரிடமும் அதையேதான் கேட்டாராம், யார் ஓட்டிப் போனது என்று. இன்னாசி அண்ணனிடமும் கேட்டாராம். அவர்களும் அதையே சொன்னார்களாம்.

ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. பஜாரில் லாட்ஜில் அறை எடுத்திருக்கிறார். டாக்டர் போலீசுக்குச் சொல்லி அவர்களும் வந்து விசாரித்தார்கள். பணிவாகப் பதில் சொன்னாராம், மனைவிக்காகக் காத்திருக்கிறேன் என்று. யார் மேலும் கை வைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை, அவர்களால் என்ன செய்ய முடியும்.

"தெனமும் காலைல கொடையோட வர்றான்" என்றாள் பவுனம்மா அக்கா. "மழைலயே மேல் டிவிஷன் வரைக்கும் போறான், வர்றான். யார்கிட்டயும் பேசறதில்ல. இன்னைக்கும் பாத்தேன் உலகம்மா. வழியில நிக்கிற ஒவ்வொரு கார்கிட்டயும் நின்னு, குனிஞ்சு, கண்ணாடியத் தொடச்சு, ஓட்டற சீட்ட விட்டுட்டு எடது பக்கத்து சீட்ட மட்டும் பாத்துட்டுப் போறான்."